ஒரு மணி நேரக் களிம்பும் ஒரு நிமிட ஐஸ் கட்டியும்

கல்லூரிக் காலத்துப் பருக்கள் என் கன்னங்களில் விட்டுச் சென்ற குழிகளுக்கு நாற்பத்தொன்றாம் வயதில்தான் வைத்தியம் பார்க்கத் தொடங்கினேன். கடந்த இரண்டு ஆண்டுகளில், சென்னையில் இரண்டு தோல் சிகிச்சை நிலையங்களில், எம்.என்.ஆர்.எஃப். எனப்படும் ரேடியோ அலை ஊசிச் சிகிச்சை ஐந்து முறையும், முகவாயில் முளைத்த முடிக்கு லேசர் ஆறு முறையும், கழுத்து மருக்களைச் சுட்டெடுக்கும் சிகிச்சை ஒரு முறையும், குழிகளுக்கு அடியில் ஊசியை நுழைத்து இழைகளை அறுத்துவிடும் சப்சிஷன் ஒரு முறையும் செய்துகொண்டேன். இந்த மதிப்பீடு அந்தச் சிகிச்சைகளைப் பற்றியதன்று. ஒவ்வொன்றுக்கும் முன்பாகத் தோலை மரக்கச் செய்ய என்ன செய்தார்கள், அதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதைப் பற்றியது. சிகிச்சை நிலையங்களின் விளம்பரப் பலகையில் "வலியே இல்லை" என்று ஒரு வரி இருக்கிறதே, அந்த வரிக்குப் பின்னால் நடப்பதைப் பற்றியது என்றும் சொல்லலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊசி குத்தும் சிகிச்சைக்கு லிக்னோகெய்ன், பிரிலோகெய்ன் என்ற இரு மரப்பு மருந்துகள் கலந்த சாதாரண 5 சதவீதக் களிம்பே போதும். ஆனால் அதற்கு ஒரு முழு மணி நேரம் கொடுக்க வேண்டும். லேசர் முடி நீக்கத்துக்குக் களிம்பைவிடக் குளிர்ச்சி நல்லது. தோலுக்கு அடியில் அறுக்கும் வேலைக்கு ஊசி வழி மருந்தைத் தவிர வேறு எதுவும் உதவாது. இணையத்தில் விற்கும் "அதிவீரிய" மரப்புக் களிம்புகளை நான் வாங்க மாட்டேன். என் வீட்டார் எவரையும் வாங்க விடவும் மாட்டேன்.

முதலில் சென்ற நிலையத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே உதவியாளர் ஒருவர், பெயர்ச்சீட்டு எதுவும் ஒட்டப்படாத ஒரு பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து வெள்ளைக் களிம்பை விரல் நுனியில் எடுத்து, முகப்பொலிவுக் கிரீம் தடவுவதுபோல மெல்லியதாக, தோலில் மறைந்துபோகும்வரை தேய்த்துவிட்டார். அது என்ன மருந்து என்று கேட்டதற்கு "மரத்துப் போற கிரீம், மேடம்" என்ற பதில்தான் கிடைத்தது. மேலே எதையும் மூடவில்லை; இருபது நிமிடத்தில் உள்ளே அழைத்துவிட்டார்கள். என் எடை என்ன, வேறு மாத்திரைகள் சாப்பிடுகிறேனா, எதற்காவது ஒவ்வாமை உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊசித்தலை முதல் முறை கன்னத்தில் பதிந்தபோது என் கால் விரல்கள் மடங்கிக்கொண்டன. பாதியில் நிறுத்தச் சொன்னேன். "உங்களுக்குத் தோல் கெட்டி, அதனால்தான் மருந்து ஏறவில்லை" என்றார்கள். அதை நான் பல மாதங்கள் உண்மை என்றே நம்பிக்கொண்டிருந்தேன் என்பது இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

தோல் கெட்டி என்பதில் ஓரளவு உண்மை எல்லாருக்கும் பொருந்தும். மனிதத் தோலின் மேலடுக்கு, வெளியிலிருந்து எதையும் எளிதில் உள்ளே விடாமல் இருப்பதற்கென்றே அமைந்தது. அதைத் தாண்டி நரம்பு முனைகளைச் சென்றடைவதுதான் எந்த மரப்புக் களிம்புக்கும் உள்ள ஒரே சிக்கல். மருந்தின் வீரியத்தில் குறையில்லை. ஊசியில் ஏற்றினால் ஓரிரு நிமிடத்தில் வேலை செய்யும் அதே லிக்னோகெய்ன், தோலின்மேல் தடவப்பட்டால் மணிக்கணக்கில் காத்திருக்கச் செய்வது இதனால்தான்.

இரண்டாவதாகச் சென்ற இடத்தில் மருத்துவரே களிம்புக் குழாயைக் கையில் கொடுத்து, அட்டைப்பெட்டியில் உள்ளதைப் படிக்கச் சொன்னார். நம் ஊர் மருந்துக்கடைகளில் பரவலாகக் கிடைக்கும் பிரைலாக்ஸ் களிம்பு அது. லிக்னோகெய்ன் 2.5 சதவீதம், பிரிலோகெய்ன் 2.5 சதவீதம். ஸ்வீடனின் அஸ்ட்ரா நிறுவனம் உருவாக்கி, 1992-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எம்லா களிம்பின் கலவையும் இதுவே. லிடோகெய்ன் என்று வெளிநாட்டுப் பெட்டிகளில் இருப்பதும், லிக்னோகெய்ன் என்று நம் ஊர்ப் பெட்டிகளில் இருப்பதும் ஒரே பொருள்தான். இரண்டும் வேறு என்று எண்ணி ஒன்றின்மேல் ஒன்றைப் பூசிக்கொள்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கலவையில் ஒரு நுட்பம் இருக்கிறது. லிக்னோகெய்ன் தனியே ஒரு திண்மப் பொடி. ஏறத்தாழ 68 பாகை செல்சியஸில்தான் உருகும். பிரிலோகெய்ன் உருக ஏறத்தாழ 38 பாகை வேண்டும். இரண்டையும் சம அளவில் கலந்தால் கலவையின் உருகுநிலை 18 பாகைக்கு இறங்கிவிடுகிறது. அதாவது அறை வெப்பத்திலேயே அது எண்ணெயாகிவிடுகிறது. அந்த எண்ணெய்த் துளிகளை நீரில் கலக்கிச் செய்ததே இந்தக் களிம்பு. குழாய் முழுவதையும் கணக்கிட்டால் மருந்து 5 சதவீதம்தான். ஆனால் ஒவ்வொரு துளிக்குள்ளும் அது 80 சதவீதம் அளவுக்குச் செறிந்திருக்கிறது. ஆகையால் பெட்டியின்மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் சதவீத எண்ணைப் பார்த்துக் களிம்பைத் தேர்ந்தெடுப்பது, டிகாஷன் எவ்வளவு என்று பார்க்காமல் டம்ளரின் உயரத்தைப் பார்த்துக் காபி வாங்குவதைப் போன்றது.

களிம்பை எப்படி இடுகிறார்கள் என்பதில்தான் முதல் நிலையத்துக்கும் இரண்டாவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. 10 சதுர செ.மீ. பரப்புக்கு 1 முதல் 2 கிராம் வரை என்பது அளவு. தேய்க்கக் கூடாது, கேக்கின்மேல் பூசும் கிரீம் அளவுக்குத் தடிமனாக, வெள்ளையாகத் தெரியும்படி வைக்க வேண்டும். கன்னத்துக்கு 30 சதுர செ.மீ. என்று வைத்தால் இரண்டு கன்னங்களுக்குக் குறைந்தது 6 கிராம் வேண்டும். ஆக 5 கிராம் குழாய் ஒன்று இரண்டு கன்னங்களுக்கே போதாது. முதல் நிலையத்தில் என் முகம் முழுவதற்கும் செலவான களிம்பு ஒரு கிராம் இருந்திருந்தால் அதிகம். களிம்பை வைத்த பின் மேலே ஒட்டுத்தாளோ, சமையலறையில் பழம் சுற்றி வைக்கும் மெல்லிய நெகிழித்தாளோ கொண்டு காற்றுப் புகாமல் மூடுகிறார்கள். மூடுவதால் களிம்பு உலராமல் இருக்கிறது, தோலும் ஈரத்தில் ஊறி மருந்துக்கு வழிவிடுகிறது. மூடிய முகத்தோடு காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தபோது, எதிரே இருந்த ஒரு சிறுவன் என்னையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். பல்பொருள் அங்காடியில் சுற்றி வைத்த கொய்யாப்பழம்போல் நான் இருந்திருக்க வேண்டும்.

பிறகு நேரம். இந்தக் களிம்பின் பயன்பாட்டுக் குறிப்பே குறைந்தது ஒரு மணி நேரம் என்கிறது. 60 நிமிடத்தில் மரப்பு அதிகபட்சமாக 3 மி.மீ. ஆழம்வரையும், 120 நிமிடத்தில் 5 மி.மீ. வரையும் இறங்குகிறது. என் கன்னங்களுக்கு மருத்துவர் வைத்த ஊசி ஆழம் 1.5 முதல் 2.5 மி.மீ. வரை. கணக்கு சரியாகப் பொருந்துகிறது அல்லவா? இருபது நிமிடம் எந்தக் கணக்கிலும் பொருந்தாது. முகத்தில் இரத்த ஓட்டம் அதிகம் என்பதால் மருந்து விரைவில் ஏறுகிறது, அதே வேகத்தில் இறங்கியும் விடுகிறது. எனவே களிம்பைத் துடைத்த பின் தொலைபேசி வந்தது, முந்தைய நோயாளிக்கு நேரமாகிறது என்று இருபது நிமிடம் உட்கார வைத்தால் கிடைத்த மரப்பில் ஒரு பகுதி வீணாகிறது. இரண்டாவது நிலையத்தில் இரு கன்னங்களையும் ஒரே நேரத்தில் துடைக்காமல், வலப்பக்கம் முடியும்வரை இடப்பக்கத்தை மூடியே வைத்திருந்தார்கள். இத்தகைய சிறு ஒழுங்குகளுக்குத்தான் நான் பணம் கொடுக்க விரும்புகிறேன்.

துடைத்தபோது தோல் வெளிறிப் போயிருந்தது. பயந்துவிட்டேன். இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் முதலில் வெளிறும், பிறகு சிவக்கும், இரண்டும் தானே மறையும் என்று விளக்கினார்கள். சிவப்பு மச்சங்களுக்கும் இரத்தக்குழாய்களுக்கும் லேசர் செய்பவர்கள் மட்டும் இந்த வெளிறலைக் கவனத்தில் கொள்ள வேண்டும் என்றும், லேசருக்கு இலக்கே அங்கிருக்கும் இரத்தம்தான் என்பதால் வெளிறிய தோலில் அது குறையக்கூடும் என்றும் மருத்துவர் சொன்னார். ஊசிச் சிகிச்சைக்கு அந்தக் கவலை இல்லை. அங்கே கவலை வேறு. துளையிடப்போகும் தோலின்மேல் களிம்பு மிச்சமிருந்தால் அது துளை வழியே உள்ளே போய்விடும். ஆகவே துடைப்பது என்றால் ஒரு முறை பஞ்சால் தடவுவதன்று. உப்பு நீரால் பலமுறை துடைத்து, கிருமிநாசினி இட்டு, அது உலரும்வரை பொறுத்திருந்தார்கள்.

பலன் என்னவென்றால், பத்துக்கு எட்டாக இருந்த வலி மூன்றுக்கு வந்தது. இந்த எண்கள் என் உணர்வுக்கு நானே இட்ட மதிப்பெண்கள், அவ்வளவுதான். கன்னத்தின் சதைப் பகுதியில் குத்துவதே தெரியவில்லை. ரேடியோ அலையின் சூடு மட்டும் ஆழத்தில் மந்தமாகத் தெரிந்தது. மூக்கின் ஓரங்களிலும், மேலுதட்டுக்கு மேலும், தாடை எலும்பின் விளிம்பிலும் களிம்பு தோற்றுவிட்டது. மூக்கோரத்து மடிப்பில் தாள் சரியாக ஒட்டுவதில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். கண்ணுக்கு அருகே களிம்பை வைக்கவே கூடாது. இதன் காரத்தன்மை கருவிழியைப் புண்ணாக்கிவிடும், அதுவும் மரத்துப்போன கண் எரிச்சலை உணராது என்பதால் ஆபத்து இரட்டிப்பு. என் இமையோரக் குழிகள் இரண்டு அப்படியே விடப்பட்டன. அதில் எனக்கு வருத்தமில்லை.

பிரிலோகெய்னைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். உடலுக்குள் அது சிதையும்போது உண்டாகும் ஒரு பொருள், இரத்தச் சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க இயலாத வடிவத்துக்கு மாற்றிவிடக்கூடும். அப்படி ஆனால் உதடும் நகமும் நீலம் பாரிக்கும், இரத்தம் சாக்லேட் நிறத்துக்கு மாறும். சரியான அளவில், சிறு பரப்பில் இடும்போது பெரியவர்களுக்கு இது அரிது. ஆனால் கைக்குழந்தைகளுக்கும், ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கும், டாப்சோன் அல்லது சல்ஃபா வகை மாத்திரைகள் உட்கொள்பவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல். டாப்சோன் தொழுநோய்க்கு மட்டுமன்றி வேறு பல தோல் நோய்களுக்கும் கொடுக்கப்படும் மருந்து என்பதால், தோல் சிகிச்சைக்கு வருபவர் அதை உட்கொண்டிருப்பது அபூர்வமன்று. இரண்டாவது நிலையத்தில் களிம்பை எடுக்கும் முன்பே இக்கேள்விகளை எழுதித் தந்து கையெழுத்து வாங்கினார்கள். கரப்பான் என்னும் தோல் அழற்சி உள்ள இடத்தில் மருந்து வேகமாக உள்ளே போகும் என்பதால் அத்தகையோருக்கு ஒரு மணி நேரத்துக்குப் பதிலாக 15 முதல் 30 நிமிடமே வைக்க வேண்டும் என்ற விவரமும் அந்தத் தாளில் இருந்தது. ஒரு நிலையம் நல்லதா என்பதை அதன் இயந்திரத்தைக் கொண்டு அளப்பவர்கள் அளக்கட்டும். நான் இந்தக் கேள்வித்தாளைக் கொண்டே அளப்பேன்.

முகவாய் முடிக்கான லேசர் வேறு கதை. முதல் அமர்வுக்குச் செல்லும்போது, ஊசிச் சிகிச்சையின் பாடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, களிம்பு வேண்டும் என்று நானே கேட்டேன். வேண்டாம் என்றார் மருத்துவர். கறுத்த தோலில் லேசர் ஒளி முடியின் வேரிலுள்ள நிறமியை மட்டுமன்றி, தோலின் மேலடுக்கிலுள்ள நிறமியையும் சுடக்கூடும். ஆற்றல் சற்று மிகையாக வைக்கப்பட்டிருந்தால் அதை முதலில் அறிவிப்பது நோயாளியின் வலிதான். "சுருக்கென்றால் சரி, சுட்டெரித்தால் உடனே சொல்லுங்கள்" என்று சொல்லித்தான் தொடங்கினார். முழுதாக மரத்துப்போன முகவாய் எதையும் சொல்லாது. கொப்புளமும் கரும்படலமும் மறுநாள் கண்ணாடியில்தான் தெரியும்.

அதற்குப் பதிலாக அவர் பயன்படுத்தியது குளிர்ச்சி. இயந்திரத்தின் நீலக்கல் முனையே குளிர்விக்கப்பட்டது. தோலைத் தொட்டவுடன் ஐஸ் கட்டி பட்டதுபோல் இருந்தது. அதோடு ஒரு குழாய் வழியாகக் கடுங்குளிர் காற்றையும் உதவியாளர் ஊதிக்கொண்டிருந்தார். களிம்பு வலியை மறைக்க மட்டுமே செய்யும். குளிர்ச்சியோ வலியைக் குறைப்பதோடு தோலின் மேலடுக்கைச் சூட்டிலிருந்து காக்கவும் செய்கிறது. ஒரே செயலில் இரண்டு பயன் கிடைக்கும்போது களிம்புக்கு இங்கே என்ன வேலை? ரப்பர் வளையத்தை இழுத்துவிட்டால் தோலில் படுமே, அந்த அளவு வலி லேசரின் ஒவ்வொரு ஒளித் துடிப்பிலும் இருந்தது. ஐந்து நிமிடத்தில் முடிந்தது. மூன்றாவது அமர்விலிருந்து முடி மெலிந்து அடர்த்தி குறைந்ததும் அந்த வலியும் குறைந்தது. பெரிய கருவிகள் இல்லாத இடங்களில் துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை ஓரிரு நிமிடம் வைத்தாலே ஒரு ஊசிக்கோ சில துடிப்புகளுக்கோ போதுமான மரப்பு கிடைக்கும். ஆனால் அது சில நொடிகளே நிற்கும். அதை நீட்டிக்க நினைத்து ஐஸை நேரடியாகத் தோலில் அழுத்திக்கொண்டே இருந்தால் குளிராலும் புண் உண்டாகும், நம் நிறத்துக்கு அது கருந்தழும்பாக நிற்கவும் கூடும்.

குளிர்ச்சியைத் தெளிப்பானில் அடைத்து விற்பதும் உண்டு. எத்தில் குளோரைடு தெளிப்பு அந்த வகை. தோலில் பட்டவுடன் ஆவியாகி நொடிகளில் உறையச் செய்துவிடும். கழுத்து மருக்களைச் சுடுவதற்கு முன் இதைக் கேட்கலாமா என்று யோசித்திருந்தேன். கேட்காதது நல்லதாயிற்று. அது எளிதில் தீப்பற்றும் பொருள். மின்சூட்டுக் கருவியின் பொறியோடும் லேசரோடும் அது சேரவே கூடாது. கழுத்துக்கும் பழைய களிம்பே கைகொடுத்தது. இருபதுக்கும் மேற்பட்ட சிறு மருக்கள். ஒவ்வொன்றும் மேல்தோலளவே என்பதால் ஒரு மணி நேரக் களிம்பில் பெரும்பாலானவை தெரியாமலே போயின. கழுத்து மடிப்பில் தாள் நழுவிய இடத்து மூன்று மருக்கள் மட்டும் தங்கள் பங்கை வாங்கிக்கொண்டன.

அதிர்வையும் ஒரு வழியாகச் சொல்கிறார்கள். சுடும் இடத்துக்குப் பக்கத்தில் விரலால் தட்டிக்கொண்டோ சிறு அதிர்வுக் கருவியை வைத்தோ இருந்தால் வலியின் கூர்மை குறைகிறது. தொடு உணர்வு முந்திக்கொண்டு வலியுணர்வுக்குக் கதவை அடைக்கிறது என்று 1965-இல் மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம் இதற்கு அடிப்படை. என் அனுபவத்தில் இது துணைக்கறி, தனியே சோறாகாது.

சப்சிஷனுக்குக் களிம்பு மட்டும் போதும் என்று எந்த நிலையமாவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தோலுக்கு அடியில் ஊசியைக் கிடையாக ஓட்டி இழைகளை அறுப்பது களிம்பின் ஆழத்துக்குள் அடங்கும் வேலையன்று. எனக்கு முதலில் களிம்பு வைத்து, அதன்மேல் லிக்னோகெய்ன் ஊசி போட்டார்கள். களிம்பின் பயன் அந்த ஊசியின் குத்தலைத் தெரியாமல் செய்ததோடு முடிந்தது. லிக்னோகெய்ன் ஊசி உள்ளே போகும்போது எரிவது அதன் அமிலத்தன்மையால். சிறிதளவு சோடியம் பைகார்பனேட் கரைசலைச் சேர்த்து, மெதுவாகச் செலுத்தினால் அந்த எரிச்சல் வெகுவாகக் குறையும். என் மருத்துவர் இரண்டையும் செய்தார். அதற்கு ஆகும் கூடுதல் நேரம் இரண்டு நிமிடம்; அதைச் செய்யாதவர்கள் ஏன் செய்வதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. ஊசி மருந்தின் குறை, அது நிரம்பிய இடம் உப்பிவிடுவதால் குழியின் வடிவம் மறைந்துவிடுகிறது. ஆகவே முன்னதாகவே ஒவ்வொரு குழியையும் பேனாவால் வட்டமிட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதற்கு மாற்று, கண்ணுக்குக் கீழே எலும்பிலிருந்து வெளிவரும் நரம்பின் அருகே ஒரே ஊசி போடுவது. கீழிமை முதல் மேலுதடுவரை ஒரு பக்கம் முழுவதும் மரத்துவிடும், தோல் உப்பாது. இதையும் ஒரு பக்கத்துக்குச் செய்தார்கள். வலி நிவாரணத்தில் இதற்கு இணை இல்லை. ஆனால் வீடு திரும்பிய பின்னும் மேலுதடு என்னுடையதாக இல்லை. காபி குடித்தபோது பாதி சட்டையில் வழிந்தது. மரப்பு இறங்கும்வரை சூடான எதையும் குடிக்காதீர்கள் என்று சொல்லியிருந்தார்கள்தான்.

இப்போது அந்த அதிவீரியக் களிம்புகள். என் அக்கா மகளுக்குக் கால் முடி நீக்க லேசர் செய்துகொள்ள ஆசை. அவளது அலைபேசியில் ஒரு வெளிநாட்டுக் களிம்பின் விளம்பரத்தைக் காட்டி, இதை வீட்டிலேயே தடவிக்கொண்டு போகலாமா, சித்தி என்று கேட்டாள். ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். விரல்களோடு சேர்த்த ஒருவரின் உள்ளங்கை அவர் உடற்பரப்பில் ஏறத்தாழ 1 சதவீதம்; வளர்ந்த பெண்ணுக்கு அது சுமார் 160 சதுர செ.மீ. முழங்காலுக்குக் கீழே ஒரு கால் ஏறத்தாழ ஏழு உள்ளங்கை, இரு கால்களும் பதினான்கு. 10 சதுர செ.மீ.க்கு 1 கிராம் என்ற மிகக் குறைந்த அளவில் இட்டாலும் 220 கிராமுக்கு மேல் வேண்டும். எம்லா களிம்பைப் பெரியவர்கள் லேசருக்கு முன் தாங்களே இட்டுக்கொள்வதற்கான உச்ச வரம்பு 60 கிராம், 600 சதுர செ.மீ.; அதாவது நான்கு உள்ளங்கைக்கும் குறைவு. 5 சதவீதக் களிம்புக்கே இந்தக் கட்டுப்பாடு. பல மடங்கு செறிவான களிம்பைக் கால் முழுவதும் தடவித் தாளும் சுற்றினால் இரத்தத்தில் எவ்வளவு சேரும்?

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. அமெரிக்காவில் 22 வயதும் 25 வயதுமான இரு பெண்கள், லேசர் முடி நீக்கத்துக்கு முன் தங்களிடம் சொல்லப்பட்டபடியே, செறிவான லிக்னோகெய்னும் டெட்ரகெய்ன் என்ற மற்றொரு மரப்பு மருந்தும் கலந்து மருந்தகங்களில் தயாரிக்கப்பட்ட களிம்பைக் கால்களில் தடவி, தாளால் சுற்றிக்கொண்டார்கள். இருவருக்கும் வலிப்பு வந்தது; இருவரும் நினைவு திரும்பாமலே இறந்தார்கள். அந்நாட்டு உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007 பிப்ரவரியில் இதைச் சுட்டிக்காட்டிப் பொது எச்சரிக்கை வெளியிட்டது. 2024 மார்ச்சில் அதே அமைப்பு, மருந்துச்சீட்டின்றி விற்கப்படும் களிம்புகளில் அனுமதிக்கப்பட்ட 4 சதவீதத்துக்கு மேல் லிக்னோகெய்ன் சேர்த்து, லேசருக்கும் பச்சை குத்துவதற்கும் என்று விற்ற நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. இடையில் பதினேழு ஆண்டுகள். மருந்து இரத்தத்தில் மிகுவதற்கு அடையாளங்கள் உண்டு: வாயைச் சுற்றி மதமதப்பு, நாக்கில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், தலைச்சுற்றல், கை நடுக்கம். அவற்றை ஒரு மருத்துவமனை நாற்காலியில் இருந்தபடி உணர்வது வேறு, இருசக்கர வண்டி ஓட்டிச் செல்லும் வழியில் உணர்வது வேறு. அவள் அந்தப் பக்கத்தை மூடிவிட்டாள். கால் லேசரைக் களிம்பின்றிக் குளிர்காற்றோடு செய்துகொண்டிருக்கிறாள்; முழங்கால் எலும்புக்கு அருகே மட்டும் முகம் சுளிக்கிறாளாம்.

டெட்ரகெய்ன் சேர்ந்த களிம்புகளை நான் விலக்குவதற்கு வேறொரு சொந்தக் காரணமும் உண்டு. எனக்குத் தலைச்சாயம் ஒத்துக்கொள்வதில்லை. உச்சந்தலை அரித்து, காதோரம் தடித்துவிடும். கருஞ்சாயத்தில் உள்ள பிபிடி என்ற பொருளோடு வேதியமைப்பில் உறவுடைய மரப்பு மருந்துகள் சில உண்டு. பென்சோகெய்ன் அவற்றில் முக்கியமானது, டெட்ரகெய்னும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்றதும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். லிக்னோகெய்னும் பிரிலோகெய்னும் வேறு குடும்பம். சாய ஒவ்வாமையைப் பற்றி நானாகச் சொன்ன பிறகுதான் இந்தத் தகவல் கிடைத்தது. தலைச்சாயத்துக்கும் மரப்புக் களிம்புக்கும் தொடர்பிருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

காத்திருக்கப் பொறுமையில்லாதவர்களுக்குக் கொழுப்புக் குமிழ்களில் அடைத்த 4 சதவீத லிக்னோகெய்ன் களிம்பு என்று ஒன்று உண்டு. தாள் மூடாமலே அரை மணியில் வேலை செய்யும். பிரிலோகெய்ன் இல்லை என்பது அதன் கூடுதல் தகுதி. ஓர் ஊசி அமர்வுக்கு அதை முயன்றேன். நெற்றியில் நன்றாக இருந்தது, கன்னத்தில் ஒரு மணி நேரக் களிம்பின் தரத்துக்கு வரவில்லை. வலிக்கு ஐந்து மதிப்பெண் கொடுப்பேன். 1.5 மி.மீ.க்கு உட்பட்ட ஆழத்துக்கு அது போதும் என்று நினைக்கிறேன். வெளிநாடுகளில், தடவிய பின் உலர்ந்து தோலுரிவதுபோல் உரித்தெடுக்கும் 7 சதவீதக் கலவைக் களிம்பும் இருக்கிறது. அதில் டெட்ரகெய்ன் இருப்பதால் நான் கிட்டே போகவில்லை.

ஆறாவது ஊசி அமர்வு அடுத்த மாதம். கன்னங்களுக்கு வழக்கமான களிம்பு, மூக்கோரத்துக்கும் மேலுதட்டுக்கும் மட்டும் நரம்பு ஊசி என்று மருத்துவரும் நானும் பேசி முடிவு செய்திருக்கிறோம். சிகிச்சை காலை 9 மணிக்கு, என்னை 7.45-க்கே வந்து உட்காரச் சொல்லியிருக்கிறார்.